பிடி உரம்

எங்கள் அம்மா ஓர் அரசாங்க ஆராய்ச்சியைக் கெடுத்தவள். கெட்ட எண்ணத்தில் அல்ல. சாக்கிலிருந்த உரத்தைத் திருடி விற்கவும் இல்லை. ஆனாலும் கெடுத்தது கெடுத்ததுதான். அதற்கு மூன்று வருஷம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், பாதிப் பேர் அம்மாவைப் புகழ்கிறார்கள். இரண்டுமே எனக்குப் பிடிப்பதில்லை.

உதியன்குளங்கரைக்குக் கிழக்கே ஒரு சரிவில் பொன்னப்பன் முதலாளிக்குப் பன்னிரண்டு ஏக்கர் ரப்பர் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் அவை இரண்டு வயதுக் கன்றுகள். அந்த வருஷம் திருவனந்தபுரத்திலிருந்து சதாசிவன் என்ற உர ஆராய்ச்சி அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் செம்மண்ணில் ரப்பர் கன்றுக்கு உரம் போட்டால் பலன் உண்டா, இல்லையா? உண்டு என்று நிரூபித்தால் பாறசாலை, செங்கல், குளத்தூர் பக்கத்தில் அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும் வைத்திருக்கிற எல்லோருக்கும் சர்க்கார் செலவில் உர மூட்டை வரும். இல்லை என்றால் வராது.

ரப்பர் காட்டு மரம், அதற்கு எதற்குத் தீனி என்று கேட்கிறவர்கள்தான் அப்போது ஊரில் அதிகம். மண்வெட்டி பிடித்தவர்களுக்குத் தெரியும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை வருஷா வருஷம் மேல்மண்ணை வழித்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். மிச்சம் கிடக்கிற சரளை சுவர் வைக்க ஆகும், செடிக்கு ஆகாது.

சதாசிவன் சார் சரிவில் ஆறு துண்டுகள் அளந்தார். ஒவ்வொன்றிலும் முப்பது கன்று. மூன்று துண்டுக்குச் சிவப்புக் குச்சி, மூன்று துண்டுக்கு வெள்ளைக் குச்சி, ஒன்றுவிட்டு ஒன்று. சிவப்புக் குச்சித் துண்டில் கன்றுக்கு அரை ராத்தல் உரம், வருஷத்துக்கு இரண்டு முறை. வெள்ளைக் குச்சிக்கு ஒன்றும் கிடையாது. உரம் சுமந்து போடுவதற்கு ஆறு பெண்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி எங்கள் அம்மா ஆனந்தபாய். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்து வீட்டில் சும்மா இருந்த எனக்கு அளவுக்காரி வேலை. கொட்டகையில் நின்று கன்றுக்கு ஒரு டின் கணக்காக உரத்தை அளந்து கொடுப்பேன். வருஷக் கடைசியில் ஒவ்வொரு கன்றின் சுற்றளவையும் டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுவேன்.

முதல் நாள் சதாசிவன் சார் பெண்களை நிற்க வைத்து விளக்கினார். அவர் பேசியது மலையாளம். எங்களுக்கு அது ஒரு தடையில்லை. வெள்ளைக் குச்சிதான் முக்கியம், ஒன்றும் கொடுக்காமல் விட்டால்தான் கொடுத்ததன் பலன் தெரியும் என்றார்.

அம்மா கேட்டாள்: "அப்பம் இந்தப் பிள்ளையளுக்கு ஒண்ணும் இல்லியா சார்?"

"இல்லா. ஒண்ணும் இல்லா," என்றார் அவர்.

ஆறு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் கவனித்திருக்க வேண்டும். காதில் செருகிய பென்சிலைப் பற்றிய பெருமையில் நான் வேறு எதையும் கவனிக்கவில்லை.

அது எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம். தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலமும் கூட்டமும் தினமும் நடந்தன. என் அப்பா ஞானசிகாமணி ஐம்பத்து நாலில் ஒரு ஊர்வலத்துக்குப் போய் இடது கையை ஒடித்துக்கொண்டு வந்தார். தடியடியில் ஒடிந்தது என்பார் அப்பா. கூட்டம் கலைந்து ஓடும்போது ஓடைக்குள் விழுந்து ஒடிந்தது என்பாள் அம்மா. எப்படி ஒடிந்தாலும் அந்தக் கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் உயரவில்லை. மண்வெட்டி வேலை போயிற்று. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நட்டிருந்த நாற்பது ரப்பர்க் கன்று வளர்ந்து பால் வெட்டுகிற நாளை நம்பித்தான் அப்பா உட்கார்ந்திருந்தார். சுற்றளவு இருபது அங்குலம் வந்தால் வெட்டலாம்.

அடுத்த வருஷம், மாநிலங்களைப் பிரிக்கப் போட்ட கமிஷனின் அறிக்கை வந்தது. தமிழ்நாட்டுக்கு விளவங்கோடு போகும், கல்குளம் போகும், எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா போகாது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்தை வீடு தமிழ்நாடு, இந்தப் பக்கம் நாங்கள் கேரளம். எங்கள் பக்கத்துத் தமிழர்களை மட்டும் பந்தியில் இலை போடாமல் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அதற்குப் பதில் சொல்ல மாட்டாள். அவளுக்கு வேலை இருந்தது.

ஐம்பத்தாறு செப்டம்பரில் கடைசி அளவு எடுத்தேன். நூற்று எண்பது கன்று, இரண்டு நாள் ஆயிற்று. கூட்டிப் பார்த்தால் சிவப்புக் குச்சிக்குச் சராசரி பதினைந்து அங்குலம். வெள்ளைக் குச்சிக்குப் பதினாலே கால். டேப்பில் பிழையோ என்று வெள்ளைத் துண்டுகளை மறுபடி அளந்தேன். அதே பதினாலே கால்.

சதாசிவன் சார் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கூட்டலைச் சரிபார்த்தார். பிறகு, "முக்கால் அங்குலம் ஒரு வித்தியாசம் அல்ல. ஈ மண்ணினு வளம் வேண்டா," என்றார். வளம் என்றால் உரம்; இந்த மண்ணுக்கு அது வேண்டாம் என்று முடிவு. வெள்ளிக்கிழமை டைப் அடித்த அறிக்கையோடு வருவதாகவும், நானும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். நவம்பர் ஒன்றாம் தேதி புதிய மாநிலம் பிறக்கிறது. அதற்குள் பழைய கோப்புகளையெல்லாம் முடித்துவிட வேண்டும் என்று மேலிட உத்தரவு. இப்போது இல்லை என்று எழுதினால் பிறகு யாரும் இதைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் அடுக்களை வாசலில் உட்கார்ந்து புலம்பினேன். அம்மா உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். எங்கள் கிறிஸ்தவ சபைப் பெண்கள் எல்லோரும் செய்வதுபோல, களைவதற்கு முன்பே ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டிருந்தாள். அதுதான் பிடியரிசி. ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி. ஞாயிற்றுக்கிழமை அதைச் சபைக்குக் கொண்டுபோய்க் கொட்டினால் இல்லாதவர் வீட்டுக்குப் போகும். வீட்டில் அரைப்பட்டினி என்றாலும் பிடியை எடுக்காமல் அம்மா உலை வைத்து நான் பார்த்ததில்லை. அந்தப் பானையிலிருந்து திருப்பி எடுத்ததையும் பார்த்ததில்லை.

"வெள்ளைக் குச்சியும் சிவப்புக் குச்சியும் ஒண்ணு போல வளந்திருக்கும்மா. இனி நமக்கு ஒரு மூட்டைகூட வராது," என்றேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஒண்ணு போலயா? அப்பம் எங்க பிடிக்குப் பலன் உண்டு, பாத்தியா."

"எந்தப் பிடி?"

"வளத்துல எடுத்த பிடியாக்கும். ஒரு டின்னுல நாலு பிடி வரும். மூணு பிடி செவப்புக்குப் போடுவோம். ஒரு பிடி மடியில வச்சு, திரும்பி வரும்போ வெள்ளைக்குப் போடுவோம். ஆறு பேரும்தான். விஜயம்மாவுக்கு நம்ம சபையும் இல்ல, பிடியரிசியும் இல்ல. அவளும் எனக்க பிடியும் இருக்கட்டும்னு போட்டா."

மூன்று வருஷம், ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் "வெள்ளைக் குச்சித் துண்டுகளில் ஒன்றும் இடவில்லை" என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொட்டகையை விட்டு இறங்கிச் சரிவின் வளைவைத் தாண்டி ஒரு நாள் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வெள்ளைத் துண்டில் உப்புக் கல் மாதிரி இரண்டொரு மணி கிடந்ததைப் பார்த்தும், மழையில் உருண்டு வந்தது என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. படிக்காத ஜனங்கள் என்றுகூடச் சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் எனக்குச் சொந்தமில்லை.

அம்மா அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ஒரே நெரையில நிக்கு. ஒருத்தனுக்குச் சோறு, அடுத்தவனுக்கு இல்லன்னு சொன்னா எப்பிடி மக்கா கை வரும்?"

"அது மரம், அம்மா. அந்த மரத்தைப் பட்டினி போட்டாத்தான் ஊருக்குச் சோறு வரும்னு அவரு சொன்னாரே. நீ எல்லாருக்க சோத்தையும் அள்ளி முதலாளிக்க மரத்துக்குப் போட்டுட்ட."

அது அவளுக்குச் சுருக்கென்று பட்டது. முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. வெளியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா உள்ளே வந்தார்.

"நீ ஒண்ணும் சொல்லாத, பிள்ள. சொன்னா உனக்க வேலை போவும், ஆறு பெண்ணுங்களுக்க கூலியும் போவும். சர்க்காருக்காரவிய நமக்கு என்னத்த தந்தாவ, நாம நேர்மை பாக்கதுக்கு?"

"சொல்லலைன்னா நம்ம வீட்டு நாப்பது மூடு ரப்பருக்கும் வளம் வராதுப்பா."

அப்பா முற்றத்துக்கு இறங்கிப் போனார். மூன்று நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அறிக்கை தபாலில் போய்விட்டதாகவும், நான் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுவதாகவும் கனவு கண்டேன். அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் உண்மையைச் சொல்ல ஒரு வழியும் எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லத் தைரியமும் இல்லை.

வெள்ளிக்கிழமை சதாசிவன் சார் கொட்டகை மேசையில் அறிக்கையை விரித்து எனக்குப் பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. வாயைத் திறப்பதற்குள் வாசலில் நிழல் தெரிந்தது. அம்மாவும் மற்ற ஐந்து பெண்களும் நின்றார்கள். சபைக்குப் போகிற வெள்ளைச் சேலையை அம்மா உடுத்தியிருந்தாள்.

"தெற்று எனக்கதாக்கும் சார்," என்று தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். பிறகு நடந்ததை, டின்னுக்கு நாலு பிடி என்பது முதல் விஜயம்மா வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கத்துவார் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மூணு கொல்லம்," என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அந்த மூன்று வருஷமும் வெயிலிலும் மழையிலும் ரோட்டில் ஜீப்பை விட்டுவிட்டு அந்த மேட்டுக்கு நடந்து ஏறியவர் அவர்.

பிறகு உரச் சாக்கைக் காட்டி, "பிடி எடுக்கணும்," என்றார். ஆறு பெண்களும் வரிசையாக வந்து ஒரு பிடி அள்ளித் தராசில் போட்டார்கள். விஜயம்மாவுக்குச் சின்னக் கை, ஒன்றரை அவுன்ஸ். அம்மாவின் பிடி இரண்டரை. அப்படியே திரும்பத் திரும்ப எடை போட்டார். சராசரி இரண்டு அவுன்ஸ் வந்தது. அரை ராத்தலில் கால் பங்கு.

"கால் பங்கினு இத்ர பலன் உண்டெங்கில்..." கால் பங்குக்கே இவ்வளவு பலன் என்றால் என்று தனக்குள் கணக்குப் போட்டார். அவர் குரலில் ஏதோ உயிர் வந்தது. உடனே தலையை ஆட்டினார். ஒன்றுமே கொடுக்காத கன்று ஒன்றையாவது கண்ணால் காணாமல் கால் பங்கின் பலன் என்று எதை எழுதுவது? அப்படி ஒரு கன்று எங்குமே இல்லையே. பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்து, வீட்டுக்கும் கொண்டு போனதுண்டோ என்று கேட்டார்.

மூன்று வருஷ வேலை போனவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் அம்மா அடிபட்டவள்போல நிமிர்ந்தாள்.

"பிடி எடுக்கது வீட்டுக்கில்ல சார். எங்க வீட்டுலயும் நாப்பது மூடு நிக்கு. இங்க மிஞ்சின அதே கன்னு, அதே மாசம் நட்டது. ஒரு மணி வளம் அதுக்குப் போட்டதில்ல. போய்ப் பாரும்."

சதாசிவன் சார் எழுந்து நின்றார். "சாணம்? சாம்பல்?"

"சாணம் மரச்சீனிக் கெழங்குக்கே தெகையாது. சாம்பல் வாழைக்கு."

எல்லோரும் ஓடையைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தோம். அதே சரிவின் மறுபக்கம்தான். அதே செம்மண், அதே சரளை. டேப் என் கையில் இருந்தது. முதல் கன்றைச் சுற்றினேன், பத்து அங்குலம். அடுத்தது ஒன்பதரை. அடுத்தது பத்தே கால். நாற்பதையும் அளந்து கூட்டினேன், சராசரி பத்து. தினமும் நான் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிற இடம் அது. முதலாளியின் கன்றுகளை அங்குலம் அங்குலமாக அளந்தவள், எங்கள் கன்றுகள் மெலிந்து நிற்பதைப் பார்க்கவே இல்லை. அம்மா பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே மூன்று வருஷம் மடியில் உரம் சுமந்து, ஒரு மணிகூட இங்கே சிந்தாமல், முதலாளியின் வெள்ளைக் குச்சிக்குப் போட்டிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எது யார் மேல் என்று தெரியவில்லை.

சதாசிவன் சார் டைப் அடித்த அறிக்கையை நாலாகக் கிழித்து ஜேபியில் வைத்துக்கொண்டார். புதிதாக எழுதுவேன் என்றார்: இந்த மண்ணுக்கு உரம் வேண்டும், முதல் பிடியே பெரிய பலன் தருகிறது. அடியில் நடந்த தவறை நான் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதியிருந்த சிபாரிசை இனி அனுப்ப முடியாது. சரி என்றேன். அதில் நியாயம் இருந்தது.

ஆனால் அவர் கிளம்பவில்லை. எங்கள் கன்றுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலிடத்தில் ஒருமுறை அளந்ததை நம்ப மாட்டார்கள். இந்த நாற்பதும் இன்னும் இரண்டு வருஷம், அவர் கண்காணிப்பில், ஒன்றும் இடாமல் நிற்க வேண்டும். வருகிற மே மாதம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் மூட்டை வரும். இந்த நாற்பதுக்கு மட்டும் கூடாது. சம்மதித்தால்தான் மற்றவர்களுக்கு வருவது நிலைக்கும்.

அப்பா வாசல் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரித்தார், அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. "பின்னயும் நமக்கு மட்டும் இல்ல, அப்பிடித்தானே?"

அந்தக் கையை வைத்துக்கொண்டு அப்பா எதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷம் பட்டினி போட்டால் பால் வெட்டுவது இன்னும் இரண்டு வருஷமாவது தள்ளிப் போகும்.

"கெடக்கட்டும்," என்றாள் அம்மா, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல். "ஊருக்க சோத்தைக் கெடுத்தது நானாக்கும். நம்ம மரம் கெடக்கட்டும்."

அப்பா வெகுநேரம் ஓடைக்கு அப்பால் அத்தை வீட்டுத் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சதாசிவன் சாரிடம் தமிழிலேயே சொன்னார். அவரிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவார், வம்புக்கு. "சரி. ஆனா இங்க ஒரு போர்டு வைப்பீருல்லா, அது தமிழ்ல இருக்கணும்."

"ஆயிக்கோட்டே," என்று சம்மதித்தார் சதாசிவன் சார்.

பலகையில் வெள்ளைச் சாயத்தால் நான்தான் எழுதினேன்: ஒன்றும் இடவில்லை. நவம்பர் ஒன்றாம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்த கொண்டாட்டத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்தே வெடிச் சத்தம் கேட்டது. அப்பா அன்று சாப்பிடவில்லை. ஒரு பாயைக் கொண்டுபோய் அந்தப் பலகைக்குக் கீழே விரித்து, சாயங்காலம்வரை படுத்துக் கிடந்தார்.

மே மாதம் சொன்னபடி மூட்டைகள் வந்தன. உதியன்குளங்கரையில் லாரியிலிருந்து இறக்கி, வீடு வீடாகச் சுமந்து போட அதே ஆறு பெண்களைத்தான் கூப்பிட்டார்கள். கன்றுக்கு எத்தனை பிடி என்று இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் நோட்டோடு கூடவே போனேன். இம்முறை கொட்டகையில் நிற்கவில்லை. விஜயம்மாவின் கன்றுகளுக்கு அம்மா போட்டாள். சபைக்குப் பின்னால் இருக்கிற ஏழெட்டு வீட்டுக் கன்றுகளுக்கும் போட்டாள்.

வெயில் சாய்ந்து வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா ஓடைக்குள் இறங்கினாள். மடியை உதறினாள். முழங்கைவரை மண் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளை மணிகளை ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துத் தண்ணீரில் விட்டாள். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கரையேறி, எங்கள் கன்றுகளுக்கு நடுவே, கைகளை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடந்துபோனாள்.